மாப்பிள்ளை பெஞ்ச்

2009 ஜூலை 6
காலையில் கேட்டில் வாட்ச்மேன் அரசப்பன் என்னை நிறுத்தினார். உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டி வாங்கி வைக்கும் மரத்தட்டில் பேனா போல ஒரு குழல்.
"பேட்டரி சிகரெட்டாம் மேடம். நம்ம யேசுதாஸ் கொண்டாந்துகீறாரு. உள்ள உடட்டுமா?"
இந்தப் பெயின்ட் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி நான்தான். நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவினேன்.

ஜூலை 7
யேசுதாஸ் லேபுக்கே வந்தார். கலவைப் பிரிவு. ஆள் வருமுன் இருமல் வந்துவிடும்.
"பீடிய உடு, இல்லாட்டி என்னாண்ட வராதன்ட்டாரு டாக்டரு. துபாய்லேர்ந்து மச்சான் இத்த அனுப்சான். நெருப்பே இல்ல மேடம். வெறும் ஆவி."
வெறும் ஆவி. பெயின்டைக் கரைக்கும் எங்கள் தின்னரும் அப்படித்தான்.

ஜூலை 9
அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். புகையிலைச் சட்டத்தில் சிகரெட், பீடி இருக்கிறது, இது இல்லையாம். "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க."
பத்திரிகையில் ஒரு டாக்டர் தடை செய்யச் சொல்கிறார். இன்னொருவர் பீடிக்கு இது பரவாயில்லை என்கிறார். இருவரிடமும் போதிய ஆதாரம் இல்லை. என்னிடமும்தான். ஆனால் குழலுக்குள் சூடாகும் கம்பி இருக்கிறது — தின்னர் ஆவி நடுவே தீப்பிடிக்க அது போதும். உள்ளே கூடாது.

ஜூலை 10
யேசுதாஸிடம் சொல்லிவிட்டேன்.
"அப்ப வெளிய பீடிக் கொட்டாய்லதான் நிக்கணும். நாலு பேரு பீடி நீட்டுவானுங்க. நா இன்னா சாமியாரா மேடம்?"
சரியாகத்தானே சொன்னேன்? விதியைக் காப்பாத்திட்டு ஆளை விட்டுட்டேனோ...

ஜூலை 13
கேட்டுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பெஞ்ச் போடச் சொன்னேன். குழல் அங்கே மட்டும். பீடி அங்கே கூடாது. குழல் உடம்புக்கு நல்லது என்று எழுதித் தரவில்லை. 'அரசு விதி வரும்வரை' என்று மட்டும்.
"ஒத்த ஆளுக்கு பெஞ்சா? மாப்ள பெஞ்சுன்னு பேரு வெச்சிட்டானுங்க மேடம்," என்கிறார் அரசப்பன்.

ஆகஸ்ட் 3
மாப்பிள்ளைக்குத் துணையாக இன்னும் இருவர். கையில் குழலும் இல்லை, பீடியும் இல்லை. பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 16
ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் தீப்பெட்டியை எடுத்துப் போன பின், தட்டில் குழல் மட்டும்.
"மறந்துட்டாரு. ஊட்டுக்குப் போய் தேடுவாரு பாருங்க," என்றார் அரசப்பன்.
தேடிவிட்டு பீடிக்கடைக்குப் போவாரோ?

செப்டம்பர் 22
குழல் இன்னும் தட்டிலேயே. யேசுதாஸிடம் கேட்டேன்.
"அதுவா மேடம்? சார்ஜ் போடணும்னு நெனச்சிக்கினே கீறேன்."
பேசி முடிக்கும்வரை இருமவில்லை. கவனித்தேன்.
நம்புவதற்கு இன்னும் நாளாகட்டும். மாலையில் அரசப்பன் துணியோடு தட்டைத் துடைக்க வந்தார். குழல் மேல் இருக்கும் தூசியை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.