அந்த மாமனார் நான் இல்லை

நவம்பர் 9, ஞாயிறு

இரவெல்லாம் மழை. இப்போதும் தூறல்.

நடந்த அநியாயத்தை முதலில் எழுதி வைக்கிறேன். நேற்று மாலை, கடற்கரைக்குப் பக்கத்து மண்டபத்தில், ஊரார் முன்னால், ஒலிபெருக்கியில், என் மருமகள் நித்யா என்னை வழி மறந்துபோன கிழவன் என்று சொன்னாள். பொய். எனக்கு எந்த வழியும் மறந்ததில்லை.

ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியைப் பொதுமக்களுக்கு மூன்று நிமிடத்தில் விளங்க வைக்கும் போட்டி. ஆளுக்கு ஒரு படம் திரையில். மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். அதன் நோட்டீசைப் படிப்பகப் பலகையில் ஒட்டியவன் நான். ரெட்டியார்பாளையத்திலிருந்து தெருக்காரர்களை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனவனும் நான். படிப்பகச் சங்கத் தலைவர் தனசேகரன், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் லூர்து, எதிர்வீட்டு கலா, இன்னும் சிலர். முன் வரிசை.

நித்யாவின் ஆராய்ச்சி: வயதானவர்கள் வழியை எப்படி மனதில் வைக்கிறார்கள், எப்படி இழக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆரம்பித்தது இப்படி:

"போன மாசம் எங்க மாமனார் பஸ் ஸ்டாண்டுல மூணு மணி நேரம் உக்காந்திருந்தாரு. வீட்டுக்கு வழி தெரியல. எந்த ஊரு பெரியவரேன்னு கண்டக்டர் கேட்டதுக்கு, ஊர் பேருக்குப் பதிலா பொண்டாட்டி பேரைச் சொன்னாரு. என் வண்டிய எங்க நிறுத்தினேன்னு போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் கேட்டாரு."

மண்டபமே உச்சுக் கொட்டியது. நான் எழுந்து "இது பொய்" என்றேன். சத்தமாகத்தான். இரண்டு மாணவர்கள் ஓடி வந்து, தோளைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார்கள். அறிவிப்பாளர் பெண் குனிந்து, "இதுல கேள்வி நேரம் கெடையாது தாத்தா" என்றாள். பின்னாலிருந்து ஒரு குரல்: "அவருதான் போல. பாவம்."

மறுத்ததே சாட்சியாகிவிட்டது. அவளை இறுதிப் போட்டிக்கும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வரும் சனிக்கிழமை, அதே மண்டபம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"பயிற்சியில சொன்னாங்க மாமா. முதல் வரியிலயே ஒரு மனுஷன் வரணும், சொந்த வீட்டு மனுஷனா இருந்தா ஜனங்க காது குடுப்பாங்கன்னு."

"அந்த மனுஷன் நானா?"

"ஃபைனல் முடியட்டும் மாமா. எல்லாம் சொல்றேன்."

எல்லாம் என்றால்? ஏதோ மறைக்கிறாள்.

குடைக்கம்பி ஒன்று உடைந்தது. மாற்ற வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

வெயில். ஈர மண் நாற்றம். வழக்கம்போல் படிப்பகம் திறந்து, பேப்பர் பிரித்துப் போட்டுவிட்டு டீக்கடை.

லூர்து எழுந்து நின்று கை கூப்பினான். "ஓய், என்ன அடையாளம் தெரியுதா? நான் லூர்து. இது டீ. இத வாயில ஊத்தணும்."

"தெரியுது. சர்ச் வாசல்ல அடுத்தவன் செருப்ப மாட்டிக்கினு வீடு வரைக்கும் போனவன்தானே நீ."

கடையே சிரித்தது. லூர்து பரவாயில்லை. கேலி செய்கிறவனை நம்பலாம். திடீரென்று அன்பானவர்கள்தான் சரியில்லை. இன்றைக்கு மட்டும்:

முடி வெட்டுகிறவர். "இன்னிக்கு என்ன கெழம சார்?" நாட்காட்டி அவர் தலைக்கு மேலேயே தொங்குகிறது.

மாவு மில்லில் தூக்கை என் கையில் கொடுக்கவில்லை. ஆள் போட்டு வீடு வரை அனுப்பினார்கள்.

கலா. நான் முனை திரும்பும்வரை கேட்டில் நின்று பார்த்தாள். திரும்பிப் பார்த்தேன். கை ஆட்டினாள். நாற்பது வருடத்தில் கை ஆட்டியதில்லை.

என் மனைவி மல்லிகா. என் சட்டைப் பையில் மகன் இளங்கோவின் போன் நம்பர் எழுதிய சீட்டு. கேட்டால், "மழக்காலம் இல்லியா" என்கிறாள். மழைக்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நவம்பர் 11, செவ்வாய்

தனசேகரன் சாத்துக்குடிப் பையோடு வந்தார். சாத்துக்குடியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்ணே. உடம்பு எப்பிடி?"

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. படிப்பகத்துச் சாவி கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க."

"நான் எப்பக் கேட்டேன் ரெஸ்ட்?"

"கமிட்டில பேசினோம்ணே. ஃபேன நிறுத்தாம, கதவப் பூட்டாம நீங்க பாட்டுக்கு வந்துட்டீங்கன்னா..."

"ஒரு நாளாவது நடந்திருக்கா?"

"நடந்ததில்ல. நடந்துடக் கூடாதுன்னுதான்."

நடக்காத குற்றத்துக்குத் தண்டனை. நான் பதில் யோசிப்பதற்குள் மல்லிகா ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். இவளும் அந்தக் கட்சியா?

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து அந்தப் படிப்பகத்து பெஞ்சில்தான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினேன். காலையில் அதைத் திறப்பதுதான் எனக்கு இந்த ஊரில் இருக்கிற உத்தியோகம். சம்பளம் இல்லை. அதனால் பிடுங்குவதும் சுலபம்.

சாத்துக்குடியைத் தொடவில்லை.

நவம்பர் 12, புதன்

அடைமழை. பள்ளிக்கூடம் லீவு. விடிந்ததும் படிப்பகம் போய்ப் பார்த்தேன். பூட்டு. பேப்பர்கள் படியில் நனைந்து கிடக்கின்றன. தனசேகரன் இன்னும் எழுந்திருக்கவில்லையாம்.

இளங்கோ ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "அப்பா, வீட்டுப் பத்திரம் எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"வரி கட்டணும். ஜெராக்ஸ் கேக்கறாங்க."

இத்தனை வருடம் கேட்காமல் இந்த வாரம் ஏன்? வரிச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். கெடு இந்த மாதம்தான். சரி. இருந்தாலும் ஜெராக்ஸ் நானே எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் முழுவதும் ஒரே யோசனை. பஸ் ஸ்டாண்டு, கண்டக்டர், பொண்டாட்டி பேர். இப்படி விவரமாகப் பொய் சொல்ல நித்யாவுக்கு வராது. ரசத்துக்கு உப்புப் போட்டேன் என்று பொய் சொன்னாலே முகம் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியானால் இது யாருக்கோ நடந்திருக்கிறது. "வண்டிய எங்க நிறுத்தினேன்" என்று நான் ஏன் கேட்கப் போகிறேன்? என்னிடம் இருந்த ஒரே வண்டி சைக்கிள்.

வண்டி வண்டி என்று பேசுகிறவர் எங்கள் உறவில் ஒருவர்தான். நித்யாவின் அப்பா. பம்பாய் வரை லாரி ஓட்டியவர். கனகசெட்டிக்குளத்தில் வீடு. ஆடியிலிருந்து அவர்கள் இங்கே வரவில்லை. நாங்கள் கிளம்பினாலும் நித்யா ஏதாவது சொல்லி நிறுத்திவிடுகிறாள்.

நாளை நேரில் பார்த்துவிட வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் துணைக்கு ஆள் போடுவார்கள்.

நவம்பர் 13, வியாழன்

விட்டு விட்டு மழை. பஸ்ஸில் ஜன்னல் சீட். போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

சம்பந்தி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்தார்.

"வாங்க, வாங்க. வண்டி எங்க நிறுத்தினீங்க? இங்க நிறுத்தாதீங்க, போலீஸ்காரன் புடிப்பான்."

"பஸ்ஸுலதான் வந்தேன் சம்பந்தி."

"அப்பிடியா. நல்லது." உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "வண்டி எங்க நிறுத்தினீங்க?"

சம்பந்தியம்மா உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "வெளிய சொல்லிடாதீங்க. சின்னவளுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம். அப்பனுக்கு இப்பிடின்னா நாளைக்குப் பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எங்க காட்றது? பெரிய ஆஸ்பத்திரி கேண்டீன்ல அவளுக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளையோட சித்தப்பா வேல செய்றாரு. இவர அங்க எப்பிடி இட்டுனு போறது?"

ஆக, ஒரு கேண்டீன்காரருக்குப் பயந்து மனிதரை நாற்காலியில் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சொல்ல மாட்டேன் என்றேன்.

மீன் குழம்பு. நன்றாக இருந்தது. சம்பந்தி தன் தட்டிலிருந்து பெரிய துண்டை எடுத்து எனக்கு வைத்தார்.

பொழுது சாயும்போது தெருவுக்குள் நுழைந்தால், தெருவே வெளியே நிற்கிறது. இளங்கோ ஷிப்டை விட்டுவிட்டு வந்திருக்கிறான். லூர்து மொபெட்டில் ஏரிப் பக்கம் தேடப் போயிருக்கிறான். மல்லிகா அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்க போனீங்க?"

"காத்தாட."

"மழையிலயா?"

தனசேகரன்: "ஒரு போன் பண்ணக் கூடாதாண்ணே? வழி தப்பிடுச்சா?"

கலா: "போனத்தான் வீட்லயே மறந்துட்டுப் போயிருக்காரே."

ஒரு வார்த்தையில் எல்லாருடைய வாயையும் அடைத்திருக்கலாம். எங்கே போனேன், எந்த பஸ், எங்கே இறங்கினேன், என்ன குழம்பு. சொல்லவில்லை. நித்யா வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 14, வெள்ளி

மழை இல்லை. துணி காய்ந்தது. மாடியில் நான் இருப்பது தெரிந்தே நித்யா துணி எடுக்க வந்தாள்.

"அம்மா போன் பண்ணாங்க. அங்க வந்தீங்களாமே."

நான் தொய்ந்திருந்த கொடிக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன்.

"நேத்து அத்தன பேர் கேட்டப்ப ஏன் மாமா சொல்லல?"

"உங்கம்மா கேட்டுக்கிட்டாங்க."

அழுதாள். அழுது முடிக்கும்வரை நான் கொடிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னாள்: "எங்கப்பான்னுதான் மாமா எழுதினேன். ஒத்திகையில முதல் வரியிலயே தொண்ட அடைச்சிடுச்சு. மூணு நிமிஷம் நிக்க முடியல. மாமனார்னு மாத்தினேன், கடகடன்னு வந்துடுச்சு. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு தைரியம்."

"எங்கிட்ட கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்குவீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

உண்மையான பதில். கோபம் குறையவில்லை. ஆனால் இந்த வாரத்தில் லூர்துவுக்கு அடுத்து என்னிடம் நேராகப் பேசியவள் இவள்தான்.

"நாளைக்கு நான் போகல மாமா. பேர எடுத்துடச் சொல்லிடறேன்."

"போகணும். ஆனா அப்பாவும் வேணாம், மாமனாரும் வேணாம்."

"அப்ப எப்பிடி ஆரம்பிக்கிறது?"

"படிக்கிறது நீயா, நானா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "போன வாரம் சொன்னது உங்கள இல்லன்னு மேடையிலயே சொல்லிடட்டுமா?"

சொல் என்று வாய் வரை வந்தது. ஐந்து நாளாக நான் கேட்பதே அதுதானே. ஆனால் மாமனார் இல்லையென்றால் ஜனங்கள் அடுத்துப் பார்ப்பது அப்பாவைத்தான். வேண்டாம் என்றேன். இதைப் பெருந்தன்மை என்று அவள் நினைக்கக் கூடாது. அதையும் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 15, சனி

மேகமூட்டம். மண்டபம் நிரம்பியது. நான் கடைசி வரிசை. மல்லிகா என் மணிக்கட்டை விடவேயில்லை.

நித்யா ஆறாவதாக வந்தாள். "ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்காரு. அவருக்கு வீட்டுக்கு வழி தெரியல. அவரு யாருன்னு நான் சொல்லப் போறதில்ல. உங்க பக்கத்துலகூட உக்காந்திருக்கலாம்."

ரெட்டியார்பாளையம் மொத்தமும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது.

நடுவில் குரல் ஒரு இடத்தில் கம்மியது. நின்றாள். மூச்சு இழுத்துக்கொண்டு தொடர்ந்தாள். மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டாள். இரண்டு இங்கிலீஷ் வார்த்தை தவிர எல்லாம் விளங்கியது.

பரிசு கிடைக்கவில்லை. நண்டு ஓட்டைப் பற்றிப் பேசிய பெண்ணுக்குப் போனது. அவள் தன் ஆயா வைத்த நண்டுக் குழம்பில் ஆரம்பித்தாள். அந்த ஆயா உண்டா, குழம்பு உண்டா, யார் விசாரித்தார்கள்?

வெளியே பயிற்சி கொடுத்தவர் நித்யாவைப் பிடித்துக்கொண்டார். "போன வாரத்துக் கத நல்லா இருந்துச்சேம்மா, ஏன் மாத்தின?"

"வீட்ல ஒத்துக்கல சார்."

நவம்பர் 16, ஞாயிறு

வெளுத்த வானம். செய்ய வேண்டியவை, செய்ய வேண்டியவர்கள்:

பரிசு போனதற்கு என்னைக் காரணம் சொல்லாமல் இருப்பது: இளங்கோ. இரண்டு முறை சொல்லிவிட்டான்.

சாவி. பறித்தவர் தனசேகரன், திருப்பித் தர வேண்டியவரும் தனசேகரன். வீட்டுக்கு வந்து தரக் கூடாது. படிப்பகத்தில், நாலு பேர் பார்க்க.

அவருக்கும் கலாவுக்கும் விஷயத்தைச் சொல்வது: நித்யா. பேச்சுக்காகச் சேர்த்தது, மாமாவுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று. புதன்கிழமை சொன்னால் போதும். அதற்கு முன்னால் சொல்லக் கூடாது.

பூட்டு மாற்றுவது: நான். தனசேகரன் சாவிக்கு நகல் எடுத்திருப்பார்.

நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் உண்மையைச் சொல்வது: சம்பந்தியம்மா. தன் வாயால். மறைத்துக் கல்யாணம் செய்வதற்கு நான் துணை இல்லை என்று போனில் சொல்லியாயிற்று. கேண்டீன் வழியாக அது போய்ச் சேரக் கூடாது, அவ்வளவுதான்.

இனி என்னை எந்த மேடையிலும் ஏற்றுவதற்கு முன் கேட்பது: நித்யா. பதில் மாட்டேன் என்றுதான் வரும். இருந்தாலும் கேட்க வேண்டும்.

செவ்வாய் காலை சம்பந்தியை பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவது: நித்யா. அவர் பெயரில் சீட்டுப் போட்டுக் கையோடு வைத்துக்கொள்வதும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் கேண்டீன் சித்தப்பா எதிரே வந்தால் பேச வேண்டியது: நான். எனக்குத்தான் ஞாபகம் சரியில்லை, ரெட்டியார்பாளையத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சம்பந்தி துணைக்கு வந்திருக்கிறார் என்று.