மாடி அறை காலியா என்று கேட்டிருந்தாய்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் வரியை இந்த முறை விட்டுவிட்டேன். நீ நலமாக இல்லை என்பதை உன் கடிதமே சொல்லிவிட்டது. போனில் பேசினால் மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார் என்று எழுதியிருந்தாய். அதனால் உன் சிநேகிதி வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். தாளை வெயிலில் போட்டு, மேலே இஸ்திரியும் தேய்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இருந்தாலும் வாசலில் வைத்துப் பிரிக்கவும் என்று உறை மேலேயே எழுதியிருக்கிறேன்.

மாடி அறை காலியா, குழந்தையோடு வந்து கொஞ்ச காலம் இருக்கலாமா என்று கேட்டிருந்தாய். பெற்றவளிடம் இப்படியா கேட்பது? அறை காலியாகத்தான் இருக்கிறது. சொல்லப்போனால் வீடே காலி. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் மூட்டைப்பூச்சி. சிரிக்காதே.

வாடகைக்கு விட்ட அறைகளில் முதலில் வாட்ச்மேன் அறையில்தான் தெரிந்தது. நீ போன பிறகு குடிவந்தவர். ராத்திரி வேலை, பகலில் தூக்கம். உடம்பெல்லாம் தடித்திருக்கிறது என்றார். கொசுவாக இருக்கும் என்றேன். மெத்தையைத் திருப்பினால் தையல் ஓரம் முழுக்க மிளகுத்தூள் சிந்திய மாதிரி கறுப்பு. பாவம், மனுஷன் தூங்கட்டும் என்று அவரைக் கணக்கு வாத்தியார் அறைக்கு மாற்றினேன். அப்புறம் வாத்தியார் சொறிய ஆரம்பித்தார். அவரை நர்ஸ் பெண்களுக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினேன். அந்தப் பெண்களும் சொறிய ஆரம்பித்ததும் அவர்களை மாடிக்கு அனுப்பினேன். மருந்து அடிக்க வந்தவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க ஆளை மாத்தலம்மா, பூச்சிக்கு வீட்டைச் சுத்திக் காட்டியிருக்கீங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் டப்பாவை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். வாத்தியார் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினார். நர்ஸ் பெண்களின் கையைப் பார்த்து ஆஸ்பத்திரியில் என்னவோ கேட்டிருக்கிறார்கள், அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினார்கள். வாட்ச்மேன்தான் கடைசி வரை இருந்தார். வேலை பார்க்கும் இடத்தில் அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார மாட்டோம் என்று மற்ற வாட்ச்மேன்கள் சொன்னதும் அவரும் போய்விட்டார். நம் வீட்டு மானம் கப்பலேறிவிட்டது. காய்கறிக்காரி என் பையைக் கையால் தொடுவதில்லை, தள்ளி நின்று போடுகிறாள்.

நான் சும்மா இருக்கவில்லை. துணியெல்லாம் வேகவைத்தேன். கட்டில் சட்டங்களைக் கழற்றிக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். சுவிட்சுப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தாயிற்று. மருந்தும் திரும்பத் திரும்ப அடித்தாயிற்று. ஆள் இல்லாமல் பட்டினி கிடந்தால் செத்துவிடும் என்று நினைத்து, பூட்டிவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்று மருந்து அடிப்பவரைக் கேட்டேன். "சாகாதும்மா. சுவருக்குள்ள மாசக்கணக்கா சும்மா கிடக்கும். யாராவது படுத்தாத்தான் வெளிய வரும், மருந்தை மிதிக்கும், சாகும்" என்றார். யார் படுப்பது என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார்.

அதனால் நான்தான் படுக்கிறேன். கீழே ஒவ்வொரு அறையாக முடித்து இப்போது மாடியில், உன் கட்டிலில். இன்று காலையில் விரிப்பை உதறினேன். கடுகைவிடச் சின்னதாகக் குஞ்சுகள். மருந்துக்காரர் இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம், காசு வாங்கவே கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

கதவில் இடித்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். நானும் குடித்தனம் நடத்தியவள்தான். எந்தக் கதவும் கண்ணுக்குக் கீழே மட்டும் பார்த்து இடிக்காது. படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. வா என்று அன்றைக்கே தந்தி மாதிரி ஒரு வரி எழுதியிருப்பேன். குழந்தையை நினைத்துத்தான் கை வரவில்லை. இங்கே பூச்சி கடித்து அதன் உடம்பில் வரும் தடிப்பை நாலு பேரிடம் காட்டி, இந்த மாதிரி இடத்திலா என் பிள்ளையை வைத்திருக்கிறாள் என்று மாப்பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வோம்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நியாயமும் அவர் பக்கம் இருப்பதாகத்தான் தெரியும். இங்கே இருந்து நீ வேலை தேடிப் போனாலும் உன்னை உள்ளே விடமாட்டார்கள். சிநேகிதி வீட்டில் உங்களுக்கு இடமில்லை என்று நீயே எழுதிவிட்டாய். நானும் எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன், வழி தெரியவில்லை.

ராத்திரி குழந்தைக்குப் பக்கத்திலேயே படு. கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள். எதிர்த்துப் பேசாதே. ஒரு அம்மா மகளுக்கு இதை எழுதுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வராதே என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அவன் இன்னொரு தடவை கை ஓங்கினால் இந்தக் கடிதத்தை மறந்துவிடு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடுத்திய துணியோடு வா. பெட்டி வேண்டாம், இந்த வீட்டுக்குள் வந்த எதையும் திரும்ப எடுத்துப்போக முடியாது.

நீயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும். நீ வருவதற்குள் பூச்சியை ஒழித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. தினமும் விளக்கை அணைத்துவிட்டு உன் கட்டிலில் அசையாமல் படுத்துக்கொள்கிறேன். வருகிறதெல்லாம் என்னிடமே வரட்டும்.

உன்
அம்மா