மைத்துனனின் லாரி வீடு

12 ஆகஸ்ட் 1934, ஞாயிறு இரவு. சுங்கை பாக்காப்பைத் தாண்டி ஓர் ஆற்றங்கரை.

என் ஒன்பது வருட வைராக்கியம் இன்று ஆற்றோடு போயிற்று.

மைத்துனன் தன் பழைய லாரிக்குக் கூரையும் கட்டிலும் போட்டு, ஓடும் வீடு என்று பினாங்கு முழுவதும் தம்பட்டம் அடித்தான். ஆற்றங்கரையில் இரண்டு நாள் தங்க மனைவி பிடிவாதம் பிடித்ததால் நானும் வந்தேன். அவன் கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சில்லை. வேண்டியதை மனைவியிடம் சொல்வேன். அவள் அவனிடம் சொல்வாள்.

மாலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். அவன் லாரிக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். லாரி மெல்ல ஆற்றை நோக்கி நகர்ந்தது.

அடுப்பைப் பார்த்து, "யாரு வண்டியோ உருளுது" என்றேன். குறட்டை நிற்கவில்லை. மரத்தைப் பார்த்து இன்னும் உரக்கச் சொன்னேன். முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டது.

"டேய், எந்திரிடா! பிரேக்கைப் பிடி!"

விழுந்தடித்துப் பிடித்தான். லாரி சேற்றில் நின்றது. முழங்காலளவு தண்ணீரில் இறங்கியவன் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, ஓடி வா லா! அத்தான் எங்கிட்ட பேசிட்டாரு!"

"பேசல. திட்டினேன்."

"இந்தா, மறுபடியும் பேசுறாரு!"

லாரியை இழுக்க வந்த பக்கத்துக் கம்பத்துக் கிராமவாசிகளிடமும் மலாயில் இதையே சொன்னான். அவர்கள் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நாளையிலிருந்து மறுபடியும் மௌனம்தான். மனைவி தூங்கிவிட்டாள். கொசு பிடுங்குகிறது. கொசுவலை அவன் பக்கத்தில் இருக்கிறது. அவனும் விழித்துத்தான் இருக்கிறான்.

மணி இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை.