வராத தண்ணீருக்குப் பறித்த நாற்று

"நாற்றைப் பறிக்க வேண்டாம்" என்று அன்று நான் சொல்லவில்லை, மைனி. நாக்கு நுனிவரை வந்தது. அண்ணன் மனைவியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அதைவிட, நீங்கள் சொன்னது மெய்யாகிவிடாதா என்று எனக்கும் ஆசையாக இருந்தது. நீங்கள் இல்லாத இந்த வீட்டு வாசலில் இன்று காலை சாளை மீன் வாடை வந்ததும், அந்த நாள் முழுவதும் திரும்ப வந்துவிட்டது.

மழை ஏமாற்றியதால் அணையை அடைத்து வைத்திருந்த கும்பப்பூ, இரண்டாம் போக நெல் பருவம். நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்த பிறகு பறிக்கலாமென்றால் எல்லா வயலுக்கும் ஒரே நாளில் ஆள் வேண்டும், நமக்குக் கிடைக்காது. முன்னதாகப் பறித்துத் தண்ணீர் வராவிட்டால் நாற்று வாடி, அந்தப் பருவமே போகும்.

குளச்சல் மீன்காரம்மா, கால்வாயில் நமக்கு மேலே உள்ள ஊர் வழியாகத்தான் வருவார். நம் தெருவுக்கு வரும்போது பெட்டியில் பொடிமீன்தான் மிஞ்சியிருக்கும். அன்று பெட்டி நிறையச் சாளை.

"மேலூர்ல ஒரு வீடு தொறக்கல்ல மக்கா. எல்லாம் பூட்டிக் கெடக்கு."

உங்கள் கண் மின்னியது. "கேட்டியாட்டி? பொம்பளைக எல்லாம் வயல்ல நிக்காவ. அங்க தண்ணி வந்தாச்சு. நாளைக்கு இங்க!"

அப்பா சிரித்தார். "மீன் பெட்டியப் பாத்தா நடவு வைக்கது?"

"கால்வாயப் பாத்துக்கிட்டு இருந்தா ஆளு கிட்டுமா மாமா?"

பறித்தோம். நம்மைப் பார்த்து அடுத்த வயல்காரர் பறித்தார். அவரைப் பார்த்துக் கீழூர். மறுநாள் நம்மைப் பார்த்து மேலூரும் பறித்தது. தண்ணீரை ஒருவரும் காணவில்லை. ஆனால் வரப்பு வரப்பாக ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். இது மேட்டிலும் ஏறியது! படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

அன்று மாலை, வாடிய நாற்று முடிகளைத் தூக்கிக்கொண்டு மூன்று ஊர்க்காரர்களும் தண்ணீர் கேட்டு அணை அதிகாரியின் கச்சேரி முன்னால் போய் நின்றார்கள். அப்பாதான் முதல் ஆள்.

இப்போதும் ஒரு செய்தி காதில் விழுந்தால், அதைக் கேட்டவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். உங்களோடு வயலில் நின்றதில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

மடையைத் திறந்தார்கள். மறுநாள் தண்ணீர் வந்தது. நட்டு முடித்து நாள் பல கழிந்த பிறகு விசாரித்தோம். மீன்காரம்மா வந்த அன்று, மேலூர்க்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு சுசீந்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.