ஒன்றாம் தேதிக்கு முன்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்றாம் தேதியோடு வாட்ச்மேன் வேலையை விடப்போவதாக நேற்று போனில் சொன்னீர்கள். "முட்டி போதும்னு சொல்லுது, இனி எம்பொண்ணு பாத்துக்குவா" என்று முதலாளியிடமே சொல்லிவிட்டதாகச் சிரித்தீர்கள். நானும் "சரிப்பா" என்றேன். போனில் சொல்லாததை இதில் எழுதுகிறேன்.

நம் வீட்டுக் கூரை மாற்ற நான் அனுப்பிய இரண்டு லட்சம் என் சேமிப்பு இல்லை. சம்பளக் கணக்கில் 'எடுக்கக்கூடிய தொகை' என்று காட்டியதை, கம்பெனி கொடுத்த போனஸ் என்று நினைத்துவிட்டேன். விசாரிக்கக் கூச்சப்பட்டேன்.

"இது ஓவர்டிராஃப்ட்மா, பேங்க் கடன். காலேஜ் படிச்ச பொண்ணு, கையெழுத்து போடறப்ப படிக்கலையா?" என்று வங்கி கவுன்டரில் இருந்த பெண் அதிகாரி சத்தமாகக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது சம்பளம் வந்த அன்றே கடனுக்குள் போய்விடுகிறது. வாடகைக்கு மறுபடி அதிலிருந்தே எடுக்கிறேன். மனம் விட்டுப்போகாமல் இருக்க, அலமாரிக் கதவின் உள்பக்கம் நாற்பது கட்டம் போட்டு ஒட்டியிருக்கிறேன். ஐயாயிரம் குறைந்தால் ஒரு கட்டத்துக்கு வண்ணம் அடிப்பேன். நான்கு அடித்திருந்தேன். போன மாதம் பல் பிடுங்கியதில் கடன் ஏறி, ஒன்றைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு வேலைக்குப் போகவே கால் எழவில்லை. போனேன்.

அப்பா, இன்னும் இரண்டு வருடமாவது வேலையை விடாதீர்கள். நீங்கள் படியில் பக்கவாட்டாக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்த பிறகும் கேட்கிறேன்.

முதலாளி காரணம் கேட்டால், "எம்பொண்ணுதான் வேலைக்குப் போகச் சொன்னா" என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை.

உங்கள்
மூத்தவள்