நாலாம் நாள் திறந்த கூரை

அம்மா,

இன்று காலை ஆம்பூர் ரயிலடியில் சீமை ஓடு இறக்கிக்கொண்டிருந்தோம். பாதி வண்டிகூட ஏற்றவில்லை, தூறல் பிடித்துக்கொண்டது. ஓட்டுக்குக் கவலையில்லை. பக்கத்தில் சுண்ணாம்பு மூட்டைகள் இருந்தன. தோல்மண்டிக்காரர் ஒருவர் ஓடி வந்து, தன் வண்டியிலிருந்து பதனிட்ட மாட்டுத்தோல் இரண்டை இழுத்து மூட்டைகளின் மேல் போட்டார். தோலில் மழை விழுந்ததும் ஆவாரம்பட்டை வாசனை எழும்பியது. நான் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். "இன்னா ஆசாரி, மயக்கமா?" என்று கேட்டார்கள். உங்கள் வீட்டு முன்கட்டில் நிற்கிறேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் கண்மூடி நாற்பது நாள் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை எந்த முகத்தை நினைத்துக்கொண்டு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடப் பழக்கம், ஆனால் உங்கள் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல்தான் எனக்கு நீங்கள்.

ஜெர்மன் சண்டை முடிந்து இரண்டொரு வருடம் இருக்கும். தோல் விலை விழுந்து கிடந்த சமயம். உங்கள் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும், எஸ்டிமேட் எழுதித் தர வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தீர்கள். அப்போது எனக்கு நாற்பது வயது. இந்தப் பக்கத்தில் நான் கூரை போட்ட வீடுகளைச் சொல்லி முடிக்க அரை நாள் ஆகும் என்ற கர்வம் எனக்கு. வந்தேன், ஏணி போட்டு ஏறினேன், நீளம் அகலம் அளந்தேன், இறங்கி முன்கட்டில் உட்கார்ந்து எழுதினேன். கூடத்துக்கும் முன்கட்டுக்கும் நடுவே கனத்த திரை தொங்கியது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னீர்கள். ஓடு இத்தனை, முகட்டு ஓடு இத்தனை, ஓட்டைத் தாங்கப் புதுக் கைமரம் ஆறு, சட்டம் இத்தனை அடி, ஆணி இத்தனை சேர் என்று கடகடவென்று படித்தேன்.

திரைக்கு அந்தப்புறமிருந்து கேட்டீர்கள்:

"உடையறதுக்குன்னு நூத்துக்குப் பத்து ஓடு ஜாஸ்தி எழுதியிருக்கீங்களே, போன வீட்டுல எத்தினி உடைஞ்சுது?"

"அதெல்லாம் எண்ணலைம்மா. வழக்கமா அப்படித்தான் எழுதறது."

"எண்ணாம எப்படி பத்துன்னு தெரிஞ்சுது?"

அடுத்து நீங்கள் சொன்னது இன்னும் மோசம்.

"கைமரம் ஆறு மாத்தணும்னு எழுதியிருக்கீங்க. பதினொண்ணு மாத்தணும்."

நான் சிரித்தே விட்டேன். மேலே ஏறி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் நான். நீங்கள் கோபப்படவில்லை. "தெற்குப் பக்கத்துல வாசல்ல இருந்து மூணாவது, நாலாவது, எட்டாவது..." என்று பதினொன்றையும் வரிசையாகச் சொன்னீர்கள். "தினம் காலையில அதுக்குக் கீழ மட்டும் மாவு மாதிரி கொட்டிக் கிடக்குது ஆசாரி. பெருக்கித் தள்றது நானு. நீங்க இன்னைக்கு ஒரு நாள் மேல ஏறிப் பாத்தீங்க. நான் இருவது வருசமா கீழ இருந்து பாக்குறேன்."

பிறகு ஓடுகளைப் பிரித்தபோது பதினொன்றும் உள்ளே உளுத்துத்தான் இருந்தன. கட்டை விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கல் மாதிரி இருந்த மரங்கள்.

எஸ்டிமேட் எழுதிய அன்றைக்கு நான் உடனே ஊருக்குத் திரும்பவில்லை. மாதிரிக்கு எட்டு ஓடுகளை உள்ளே அனுப்பச் சொன்னீர்கள். வேலைக்காரப் பெண் எடுத்துப் போனாள். கூரையில் எப்படி ஒன்றின் மேல் ஒன்று படியுமோ அப்படியே தரையில் அடுக்கி, எட்டு ஓடு எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று அளந்தீர்கள். மூங்கில் முனையில் நூலைக் கட்டி முகட்டுக்கு உயர்த்தி, அங்கிருந்து சுவர் வரை சரிவை அளந்தீர்கள். சுவருக்கு வெளியே நீளும் இறவாரத்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து ஓட்டுக் கணக்கு வந்தது. நான் எழுதியதைவிட இருநூற்றுச் சொச்சம் கம்மி. வேலை முடிந்த அன்று மிச்சம் கிடந்த முழு ஓடுகளை எண்ணினேன். ஒன்பது.

ஆனால் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது அந்த ஒன்பது ஓட்டுக்காக இல்லை.

கணக்கு முடிந்ததும், "இன்னும் ஒண்ணு இருக்குது" என்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கூடத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். தோல் பாரம் ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து முதுகெலும்பு போய் இரண்டு வருடம். கட்டிலை அசைக்கக் கூடாது, அசைத்தால் உயிருக்கு ஆபத்து என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். கூரையைப் பிரிக்காமலும் இருக்க முடியாது. போன மழையில் அவர் கட்டிலைச் சுற்றி ஏழு பாத்திரம் வைத்திருந்தீர்களாம். இன்னொரு ஐப்பசியை அந்த உளுத்த மரங்கள் தாங்காது.

"ஆள் படுத்திருக்க மேல கூரையைப் பிரிக்கிறதா? முடியாதும்மா," என்றேன். "மொத்தமா பிரிச்சாதான் வேலை. ஒரு வாரம் வீடு திறந்து கிடக்கும்."

"மொத்தமா வேணாம். வீட்டை ஏழு துண்டா வெச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு ஒரு துண்டு. காலையில பிரிக்கறது சாயங்காலத்துக்குள்ள மூடியிருக்கணும். ஒவ்வொரு நாளுக்கும் எத்தினி ஓடு, எத்தினி சட்டம், எந்தக் கைமரம்னு தனித்தனியா எழுதலாம். முந்தின நாளே அதை எண்ணி வாசல்ல அடுக்கிடுங்க. ஒரு ஆணிகூட தேடக் கூடாது."

பழைய கூரையும் புதுக் கூரையும் சேரும் இடத்தில் மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். விற்காமல் கிடங்கில் கிடந்த தோல்களைத் தருகிறேன், தைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள் என்றீர்கள். கட்டிலுக்கு மேலே நாலு கம்பு நட்டு ஒரு தோல் பந்தலும் போடலாம், தூசியும் ஓட்டுத் துண்டும் அவர் மேல் விழாது என்றீர்கள். நான் இருபது வருடமாகச் செய்த தொழிலில் ஒரு நாளும் யோசிக்காததையெல்லாம், ஒரு கூரைமேலும் ஏறாத நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே போனீர்கள். நான் எழுதிக்கொண்டே வந்தேன். என் கர்வமெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினேன். "அம்மா, நாலாம் நாளுக்கு மட்டும் மத்த நாள்ல பாதி ஓடுதான் வருது. கணக்கு தப்பு."

"தப்பு இல்ல. அப்படியே எழுதுங்க."

"அன்னைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லையே. அரை நாள் வேலை எதுக்கு?"

"எழுதுங்க ஆசாரி," என்றீர்கள். எழுதினேன்.

முதல் மூன்று நாளும் நூல் பிடித்தாற்போல் போயிற்று. காலையில் பிரித்தோம், உளுத்த கைமரத்தை இறக்கிப் புதியதை ஏற்றினோம், சட்டம் அடித்தோம், ஓடு வேய்ந்தோம். நீங்கள் சொன்ன ஓடு சொன்ன இடத்தில் தீர்ந்தது. என் ஆட்கள் இரண்டு பேரும், "இந்த அம்மாவுக்கு ஜின்னு கின்னு ஏதாவது வந்து சொல்லுதா?" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

நாலாம் நாள் பிரித்தது அவர் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த துண்டு. ஓட்டையும் சட்டத்தையும் எடுத்தாயிற்று. புதுக் கைமரத்தையும் ஏற்றி முடித்து, பெருக்கித் தள்ளினோம். கீழே தோல் பந்தல் மட்டும் இருந்தது. அப்போது உள்ளறையிலிருந்து உங்கள் குரல் கேட்டது.

"ஆசாரி, அந்தப் பந்தலை அவுத்துடுங்க."

ஒரு ஆளை இறக்கி அவிழ்க்கச் சொன்னேன். தோல் விலகியது. புரட்டாசி மாதத்து வெளிச்சம் மொத்தமும் ஒரே நேரத்தில் கூடத்துக்குள் கொட்டியது. நான் சுவர் மேல் உட்கார்ந்து கீழே பார்த்தேன். இரண்டு வருடமாக ஓட்டின் அடிப்புறத்தை மட்டுமே பார்த்துக் கிடந்த மனிதர். முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு மெல்லத் திறந்தார். வெள்ளை மேகம் இரண்டு போய்க்கொண்டிருந்தது. பாலாற்றுப் பக்கத்திலிருந்து கிளிக்கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு கடந்தது. மிக மேலே ஒரு பருந்து வட்டமிட்டது.

"ஆசாரி," என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "ஆகாசம் இத்தினி பெருசாவா இருந்துச்சு?"

என் ஆட்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். தினம் வெயிலில் காய்ந்து அதன் கீழேயே வேலை செய்கிறவர்கள் நாங்கள். அது அங்கே இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு இறங்கி வாசல்ல உக்காருங்க," என்றது உங்கள் குரல். "கூப்பிடறப்ப வந்தா போதும்."

இறங்கிப் போய் வாசலில் உட்கார்ந்தோம். நீங்கள் உள்ளறையிலிருந்து வந்து அவர் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். உள்ளே உருதுவில் இரண்டு குரல்கள் பேசுவது கேட்டது. என்ன பேசினீர்களோ, எனக்குத் தெரியாது. இடையில் அவர் ஏதோ சொல்ல, நீங்கள் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் நான் சிரிப்புச் சத்தம் கேட்டது அதுவே முதல் தடவை. வெகு நேரம் ஆயிற்று. மலைப்பக்கம் மேகம் கறுக்க ஆரம்பித்தது. ஆனாலும் கூப்பிட வாய் வரவில்லை. என் ஆட்களும் வானத்தைப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இப்ப வாங்க ஆசாரி," என்றீர்கள்.

பாய்ந்து ஏறினோம். பாதித் துண்டுதான். சட்டம் அடித்து ஓடு வேய்ந்து முடிக்க இரண்டரை மணி நேரம் போதுமாக இருந்தது. கடைசி ஓட்டைப் போட்டுவிட்டு நான் ஏணியில் இறங்கும்போது முதல் துளி முதுகில் விழுந்தது. அப்புறம் பிடித்த மழை, தெருவே ஆறாக ஓடியது. முன்கட்டில் நனைந்து நின்றுகொண்டு, கூடத்துக்குள் ஒரு சொட்டு விழும் சத்தமாவது கேட்கிறதா என்று காது கொடுத்தேன். இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அம்மா, நாலாம் நாளுக்கு ஓடு பாதியா எழுதச் சொன்னது இதுக்குத்தானா?"

திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில் சொன்னீர்கள்: "அவரு ஒரு நாளும் வாய் விட்டுக் கேக்கல ஆசாரி. எனக்குத் தெரியும். எஸ்டிமேட்டுல அதை இன்னான்னு எழுதறது? சொல்லியிருந்தா நீங்க சிரிச்சிருப்பீங்க."

சிரித்துத்தான் இருப்பேன். மரத்தையும் ஓட்டையும் ஆணியையும் கூலியையும் எழுதத் தெரிந்தவன் நான். ஒரு மனிதன் ஆகாயத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும் என்பதையும் ஒருவர் கணித்து, அந்த நேரத்துக்கு இடம் விட்டு, மீதி வேலை மழை வருவதற்குள் முடியும்படி எழுதியிருந்தார். அன்று வீட்டுக்கு நடந்து போகையில், பெரிய கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவனுக்கு இருக்குமே, அந்த மாதிரி இருந்தது எனக்கு.

அவர் அந்த மழைக்காலத்தையும் அடுத்த மழைக்காலத்தையும் நனையாமல் கடந்தார். அதன் பிறகுதான் போனார். நீங்கள் தோல் மண்டியைத் திரைக்குப் பின்னாலிருந்தே நடத்தினீர்கள். நானோ பெரிய வேலை எது வந்தாலும் எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் முன்கட்டுக்கு வந்து உரக்கப் படிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். வாணியம்பாடியில் ஒரு மச்சு வீடு, அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா வீடு, வேலூர்க் கோட்டைப் பக்கம் ஒரு வக்கீல் வீடு. அறை எத்தனை, ஜன்னல் எந்தப் பக்கம், சமையல்கட்டுப் புகை எப்படிப் போகும் என்றெல்லாம் கேட்பீர்கள். ஒரு நாள், "உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறேன்," என்றதற்கு நீங்கள் சொன்னது: "தொந்தரவா? இந்த ஜில்லாவுல எத்தினி வீடு இருக்குதோ, அத்தினியும் இங்க உக்காந்தே பாத்துட்டேன் ஆசாரி."

உங்களைச் சந்தூக்குப் பெட்டியில் எடுத்துப் போன அன்று அதன் பின்னால் கடைசி வரை நடந்தேன். அடக்கம் செய்யும் கபர்ஸ்தான் வாசலில் நின்றுகொண்டேன். கூரை வேலையின்போது சிறு பையனாயிருந்த உங்கள் மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் ஒடுகத்தூரில் ஒரு வேர்க்கடலை வியாபாரி வீட்டுக்குக் கூரை மாற்ற எஸ்டிமேட் கேட்டார்கள். ஏணியை ஆள் எடுத்து வந்தான். வேண்டாம், அப்புறம் ஏறலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். "வீட்டு அம்மாவைக் கூப்பிடுங்க, கேக்கணும்," என்றேன். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "அவளுக்கு இன்னா தெரியும் ஆசாரி? நீ மேல ஏறிப் பாருய்யா."

அந்த அம்மாள் கதவோரம் வந்து நின்றார். முதலில் பேசத் தயங்கினார். நான் காத்திருந்தேன். பிறகு கையை நீட்டி ஒரு மூலையைக் காட்டி, "மழை வந்தா அங்கதான் முதல்ல ஒழுகும். எம் மாமியாருக்கு அங்கதான் படுக்கை. அவங்களுக்குக் கண்ணு தெரியாது, சொட்டு விழுந்தா திடுக்குனு எழுந்து உக்காந்துக்குவாங்க," என்றார்.

எஸ்டிமேட் காகிதத்தை எடுத்தேன். வழக்கமாக ஓட்டுக் கணக்கில்தான் ஆரம்பிப்பேன். அன்றைக்கு முதல் வரியில் அந்த மூலையை எழுதினேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆசாரி