கூடத்துக்குள் நிற்கும் கூடாரம்

என் வீட்டு முதலாளியம்மாவுக்கு,

கதவைத் திறந்ததும் அலறாதே. கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது வாங்கலாமா வேண்டாமா என்று நேற்று நாம் சண்டை போட்ட அந்தப் பெரிய மடக்குக் கூடாரம்தான். "நம்ம சந்தைக் கடைக்குச் சின்னது போதும்னா, உங்க மனசுதான் சின்னது" என்று சொல்லி வாயைப் பூட்டிக்கொண்டாயே! இதை விரிக்க நாலு ஆள் வேண்டும் என்று நிரூபிக்கத் தனியாக இழுத்துப் பார்த்தேன். பாழாய்ப்போனது, குடை மாதிரி விரிந்துவிட்டது. நீ சொன்னதே சரி.

சாப்பாடு கூடாரத்துக்குள்ளே, மேசைமேல். குனிந்து போ.

கூடாரத்தைப் பார்க்கக் கொடுத்துவிட்டுப் போன கடைக்காரர் ஐந்து மணிக்கு முடிவு கேட்டு வருவார். முகத்தைச் சுளித்துக்கொண்டே "சரி, இருக்கட்டும்" என்று சொல். சிரித்தால் விலை ஏறும்.

பி.கு: மடக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும், ஒரே நேரத்தில் அழுத்த. "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லவாவது நீ வாயைத் திறந்தாக வேண்டுமே!